கருப்பட்டிக் கலமும் சர்க்கரை ஆலையும்

(பாறசாலையில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஒரு காலத்தில் இனிப்பு என்றால் கருப்பட்டிதான். பனையேறிகள் இறக்கிய அக்கானியைப் பெண்கள் திறந்த கலத்தில் காய்ச்சினர். 1956இல் இப்பகுதி கேரளத்திலும் விளவங்கோடு சென்னை மாநிலத்திலும் சேர்ந்தன. எனினும் எல்லையின் இருபுறமும் தொழில் ஒன்றே. அதன் நலிவும் ஒன்றே. காரணத்தை உலகச் சந்தையில் தேட வேண்டும்.

அமெரிக்காவின் லூசியானாவில் கொதிக்கும் கரும்புச் சாற்றைக் கலத்திற்குக் கலம் அடிமைகள் முகந்து ஊற்றினர். 1843இல் நோர்பெர்ட் ரில்லியூ ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காற்றழுத்தம் குறைக்கப்பட்ட மூடிய கலங்களில், ஒன்றின் ஆவி அடுத்ததைக் கொதிக்க வைத்தது. எரிபொருள் மிச்சமாயிற்று, உழைப்பின் ஆபத்து குறைந்தது. ஆயினும் அடிமைமுறை ஒழிந்தது 1865இல், உள்நாட்டுப் போருக்குப் பின்னரே.

இந்தியாவில் 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. புதிய ரகங்கள் விளைச்சலை உயர்த்தின. 1932இல் காப்பு வரி வந்தது. ஏறத்தாழ 30 ஆக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130ஐக் கடந்தன. 1937இல் திருவல்லாவிலும் ஆலை எழுந்தது; இன்று அங்கே ‘ஜவான்’ ரம் தயாராகிறது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. கரும்பு இன்று எரிபொருள் மூலதனத்தின் கச்சாப்பொருளாகவும் ஆகிவிட்டது.

மலிவான வெள்ளைச் சர்க்கரை முதலில் கருப்பட்டியைத் தேநீரிலிருந்து அகற்றியது. இப்போது அதுவே கருப்பட்டிக்குள் கலப்படமாக நுழைகிறது. கரும்புக்கு 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு 355 ரூபாய் என ஒன்றிய அரசு விலை அறிவித்தது. அதுவும் உழவர்களின் நெடிய போராட்டங்களின் பயன். அக்கானிக்கு அத்தகைய விலை இல்லை. பனையேறி தவறி விழுந்தால் குடும்பமே விழுகிறது. பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்வதில் வியப்பில்லை.

ரில்லியூ வழிகாட்டி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. நம் பெண்களோ இன்றும் புகையில் நின்று திறந்த கலத்தையே கிண்டுகின்றனர். அறிவியல் இல்லாமையன்று, அதை வாங்கும் வலிமை இல்லாமையே காரணம். ஆகவே கூட்டுறவுக் காய்ச்சுக் கூடங்கள், புகையில்லா அடுப்புகள், பாதுகாப்பான ஏறு கருவிகள், உத்தரவாதக் கொள்முதல் விலை, கலப்படத் தடுப்புச் சோதனை, விபத்து இழப்பீடு ஆகியவற்றைக் கோருவோம். முதற்பணியாக, ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் இன்னும் பனையேறும் குடும்பங்களைக் கணக்கெடுக்கட்டும்.