வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான தூரம்



உழைக்கும் குடும்பங்களுக்கான அரசின் கொள்கை, வீட்டுவசதி ஒரு துறையிலும் வேலைவாய்ப்பு இன்னொரு துறையிலும் குழந்தை நலம் வேறொரு துறையிலுமாகக் கோப்புகளில் பிரிந்து கிடக்கிறது. குடும்பத்தின் அன்றாடத்திலோ, குடியிருக்கும் இடத்திலிருந்து எட்டும் தொலைவில் வேலை உண்டா, வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று மூன்றும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டித் தருவது அதன் முதன்மையான வழியாக இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிச் சென்னையின் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்த மறுகுடியமர்வுக் குடியிருப்புகள், அதாவது நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்டோருக்கு நகரின் விளிம்பில் ஒதுக்கப்பட்ட வீடுகள், அந்த வழியிலிருந்து விலகின. உறுதியான கூரை கிடைத்தது. ஆனால் நகரின் நடுவே நான்கு வீடுகளில் வேலை செய்துவந்த பெண்ணுக்கு, விடியுமுன் கிளம்பிப் பேருந்து மாறிப் போய்ச் சேருவதே பெரும்பாடாகிவிட, பலர் அந்த வேலையையே விட்டனர். பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அங்கே இம்மக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துப்புரவுப் பணியும் காவல் பணியுமே. வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. பெயர் மாற்றம் எப்போதுமே எளிதானது.

அதே ஆண்டு தொடங்கிய, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம், இந்தத் தொலைவின் விலையை நேரடியாகக் குறைத்ததாலேயே, பல பெரிய திட்டங்களைவிட விரைவாகப் பயன் தந்தது எனலாம். ஆயினும் அது மிச்சப்படுத்துவது பணத்தையே, நேரத்தை அன்று.

இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கின்றனர். அவர்கள் வேலைக்கு அருகிலேயே தங்குவதற்காக, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், தொழிற்பூங்காக்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி 2024இல் திறக்கப்பட்டது. இது பாராட்டத்தக்க முயற்சிதான். எனினும் விடுதிப் படுக்கை மணமாகாத இளம்பெண்ணுக்கு ஏற்றதே அன்றி, கைக்குழந்தையுள்ள தாய்க்கு ஏற்றதன்று. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விதித்தது. ஆனால் அதைவிடச் சிறிய பட்டறைகளிலும், பிறர் வீடுகளிலும் உழைப்போரை அந்த விதி எட்டுவதில்லை. அங்கன்வாடியோ பிற்பகலோடு மூடிவிடுகிறது. தொழிற்சாலையின் ஷிப்டு அப்போது முடிவதில்லை.

மாற்றுவழி இல்லாமலில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில் காலணித் தொழிற்சாலைகள் அமைந்தபின், சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் தம் வீட்டில் இருந்தபடியே நிறுவனப் பேருந்தில் வேலைக்குச் சென்றுவர முடிகிறது. அங்கும் கூலி உயர்ந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் குடும்பம் இடம்பெயர வேண்டியதில்லை, பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். வேலையைத் தேடி மக்களை நகர்த்துவதைவிட மக்களைத் தேடி வேலையை நகர்த்துவதே முதலிடம் பெற வேண்டிய கொள்கையாகும்.

இன்று பட்டம் பெறும் மாணவர்களே, உங்களில் சிலர் நாளை பொறியாளராகவும் திட்ட அலுவலராகவும் ஆட்சியராகவும் அமர்வீர்கள். குடியிருப்புத் திட்டம் ஒன்று ஒப்புதலுக்கு வரும்போது, சதுர அடியையும் செலவையும் பார்ப்பதோடு நில்லாமல், அங்கிருந்து வேலைக்குச் செல்ல எத்தனை நிமிடம் ஆகும், மாலை ஆறு மணிவரை திறந்திருக்கும் காப்பகம் எங்கே என்ற இரண்டு கேள்விகளையும் எழுப்பி, விடை கிடைக்கும்வரை கையெழுத்திடாதிருப்பீர்களாக.