புறப்பட மறுக்கும் பழைய லாரி



மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையே கடலோரத்தில் அமைந்துள்ள பெரியதாழையில், மீன் கரைக்கு வந்த பிறகு வீணாகும் ஒவ்வொரு நாழிகையும் பண நஷ்டமேயாகும். வள்ளங்கள் கரை சேர்ந்து, ஐஸ் இட்டுப் பெட்டிகள் ஏற்றப்பட்ட பின் லாரி புறப்பட மறுத்தால், கரையில் நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க நேரிடும். ஆகையால் லாரியின் கோளாறு டிரைவர் ஒருவருடைய கவலை மாத்திரமன்று. பங்குப்பணம் செலுத்திய ஒவ்வோர் அங்கத்தினருடைய கவலையுமாகும். சோதியாமலே காயில், பாட்டரி என்று சாமான்களை மாற்றுவது இதனினும் பெரிய நஷ்டம்.

இக்காலத்து லாரிகளில் மிகப் பெரும்பாலானவை டீசலால் ஓடுபவை. அவற்றில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டினாலேயே எண்ணெய் தீப்பற்றுகிறது, மின்பொறி வேண்டியதில்லை. இங்கே கூறப்படுபவை பெட்ரோலால் ஓடும் பழைய லாரிகளுக்கே பொருந்தும். அவற்றில் பாட்டரியின் 6 அல்லது 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள ஸி.பி. பாயிண்ட் திறக்குந்தோறும் பிளக்கில் பொறி உண்டாகிறது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த இம்முறை 1910-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் இடம்பெற்றுப் பின்னர் எங்கும் பரவியது.

வயலுக்குத் தண்ணீர் வராவிடில் விவசாயி மடையிலிருந்து தொடங்கி வாய்க்கால் வழியே பார்த்து வருவான். அவ்வாறே பாட்டரியிலிருந்து பிளக் வரையில் வரிசையாகச் சோதிக்க வேண்டும். அதற்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, பெட்ரோல் கசிவு இல்லையென்று நிச்சயித்துக் கொள்வது அவசியம். அருகே பீடி, சுருட்டு ஆகாது.

முதலாவது, பாட்டரி. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸெல்ப் ஸ்டார்ட்டரை அழுத்தவும். வெளிச்சம் மிகவும் மங்கினால் பாட்டரி பலம் குன்றியிருக்கலாம். அல்லது இணைப்புகள் கெட்டிருக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புத் திவலை படிந்து டெர்மினல்கள் பூத்துப்போவது கடற்கரையில் சகஜம். ஸோடா உப்புக் கரைத்த நீரால் அவற்றைக் கழுவி, சுரண்டி, இறுக முடுக்கி, மேலே வாஸலின் தடவ வேண்டும். அந்நீர் பாட்டரிக்குள் புகலாகாது. பாட்டரியைச் சட்டத்தோடு இணைக்கும் எர்த் பட்டையையும் அவ்வாறே சுத்தம் செய்ய வேண்டும். புதுப் பாட்டரிக்குக் கொடுக்கவிருந்த பணம் பல சமயம் இங்கேயே மிச்சமாகும்.

இரண்டாவது, பொறி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவயரைக் கழற்றி, உலர்ந்த மரக்குச்சியால் பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குல தூரத்தில் நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டு எஞ்சினைச் சுற்றச் செய்யவும். நீலநிறப் பொறி பலமாகப் பாய்ந்தால் காயில் நன்றாயிருக்கிறது. கோளாறு மூடி, ரோட்டார், வயர், பிளக் இவற்றிலேயே தேடத்தக்கது.

மூன்றாவது, பொறி இல்லாவிடில் பாயிண்ட். பாட்டரியின் வோல்ட்டுக்கு ஏற்ற சிறு பல்பின் ஒரு கம்பியை எஞ்சின் இரும்பிலும், மற்றதைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையிலும் வைத்து ஸ்விட்சைப் போடவும். பாயிண்ட் திறந்திருக்கையில் பல்பு எரிந்து, மூடுகையில் அணைய வேண்டும். மூடியும் அணையாவிடில் பாயிண்டில் அழுக்கோ களிம்போ ஏறியிருக்கும். மெல்லிய அரத்தால் சுத்தம் செய்யலாம். எமரிக் காகிதம் உதவாது. அதன் துகள் ஒட்டிக்கொள்ளும். பல்பு ஒருபோதும் எரியாவிடில் காயிலின் மற்ற முனையைச் சோதிக்கவும். அங்கும் எரியாவிடில் குற்றம் ஸ்விட்சிலோ அதன் வயரிலோ உள்ளது. அங்கே எரிந்தால் காயிலோ கண்டென்ஸரோ கெட்டிருக்கலாம். பாயிண்டின் இடைவெளி, வண்டியின் கைப்புத்தகத்தில் கண்ட அளவே இருக்க வேண்டும்.

நான்காவது, மூடியும் பிளக்கும். மூடியில் ஈரமோ, வெடிப்போ, கரிக்கோடோ இருப்பின் மின்சாரம் வழி தப்பிவிடும். ஈரத்தைத் துணியால் துடைத்தாலே பல வண்டிகள் புறப்பட்டுவிடும். வயர்களைக் கழற்றுமுன் அடையாளமிட வேண்டும். பழைய செவர்லே ஆறு சிலிண்டர் எஞ்சினில் பொறி வரும் வரிசை 1-5-3-6-2-4. வயர் மாறினால் எஞ்சின் ஓடாது, அல்லது கார்புரேட்டர் வழியே வெடிக்கும். பிளக்குகளிலும் நல்ல பொறி வந்து எஞ்சின் ஓடாவிடில், அதன்பிறகே பெட்ரோல் வழியைப் பார்க்க வேண்டும்.

கைப்பிடியால் சுற்றுவோர் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, மேல்நோக்கி இழுக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியக்கூடும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எந்தச் சோதனையில் என்ன கண்டது என்பதை டிரைவர் லாரியின் புத்தகத்தில் எழுதி, கழற்றிய சாமானையும் காட்டிய பிறகே பில்லுக்கு அனுமதி அளித்தல் நலம். பாட்டரி முனைகளையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் வாரம் ஒருமுறை துடைத்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. விடியற்காலையில் லாரி புறப்படுமானால், விலை பேசும் உரிமை சங்கத்தின் கையிலேயே இருக்கும்.