படைவீரர் வீட்டின் சுதந்திரம்



சுதந்திரத்தையும் படைவீரர் குடும்பங்களையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் பெரும்பாலும் எல்லையில் தொடங்கி எல்லையிலேயே முடித்துவிடுவார்கள். பனி, துப்பாக்கி, வீரமரணம், கைதட்டல். நான் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். நாட்டைக் காக்கப் போனவருடைய வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவு சுதந்திரமாக வாழ்கிறார்களோ, அவ்வளவுதான் அந்த நாட்டின் சுதந்திரம். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

நம் பாகலூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர். 1948 ஜூனில் அவர் பதவியேற்றபோது காஷ்மீரில் போர் நடந்துகொண்டிருந்தது. 1949 ஜனவரி 1-இல்தான் அது நின்றது. அதே ஆண்டு டிசம்பர் 7 முதல் கொடிநாள் கடைப்பிடிக்கப்படுகிறது. சுதந்திரம் வந்த இரண்டே ஆண்டுகளில், மகனையும் கணவனையும் நாட்டுக்குக் கொடுத்த வீடுகளுக்காக மக்களிடம் உண்டியல் ஏந்த வேண்டியிருந்தது. நாம் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னக் கொடிக்கு இவ்வளவு வயது.

இங்கிருந்து பெங்களூரு அல்சூரில் உள்ள மதராஸ் பொறியாளர் படைப்பிரிவின் மையத்துக்குப் பஸ்ஸிலேயே போய்விடலாம். 1780-இல் தோன்றிய படை அது. பயிற்சி அங்கே பக்கத்தில் நடக்கும். வேலை லடாக்கிலோ அருணாசலத்திலோ அமையும். பிறகு வீட்டை நடத்துவது யார்? மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவதும், கூரை ஒழுகினால் கொத்தனாரைத் தேடுவதும் படைவீரரின் மனைவிதான். இதற்குப் பதக்கம் கிடையாது.

திருச்சியில் நினைவுச் சின்னம் அமைக்கப்பட்டுள்ள மேஜர் சரவணன், 1999 மே 29-இல் கார்கில் போரின் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். அவர் உடல் மீட்கப்பட ஒரு மாதத்துக்கும் மேலானது. மகன் இறந்துவிட்டான் என்று தெரிந்தும் அடக்கம் செய்ய முடியாமல் ஒரு தாய் அத்தனை நாள் காத்திருந்தார். மறைந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்கர விருதை அவர் மனைவி 2015 குடியரசு நாளில் பெற்றுக்கொண்டதை நாடே பார்த்தது. விருது வாங்கும் அந்த நிமிடத்தை நாம் பார்க்கிறோம். அடுத்த நாற்பது ஆண்டுகளைப் பார்ப்பதில்லை.

அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் ஒரு விதி இருந்தது. வீர விருதுடன் வரும் மாதப் படி, விருதாளர் இறந்தபின் மனைவிக்குச் சேரும். அவர் மறுமணம் செய்துகொண்டால் அது நின்றுவிடும். கணவனின் சகோதரனை மணந்தால் மட்டும் தொடரும். 2017 நவம்பரில்தான் பாதுகாப்பு அமைச்சகம் இந்த நிபந்தனையை நீக்கியது. நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் ஆகியும், அந்த விடுதலைக்காகக் கணவனை இழந்த பெண் யாரை மணக்கலாம் என்பதில் அரசு ஆணை குறுக்கே நின்றது. தியாகம் என்று புகழ்ந்துவிட்டு, அவளைக் கட்டிப் போட்டிருந்தோம்.

அடுத்தது நிலம். பெங்களூரு நம்மை நோக்கி வளர்கிறது. ரோஜாப் பசுமைக்குடில்களுக்கு நடுவே வீட்டுமனைகள் முளைக்கின்றன. சர்வேக் கல் ஓரடி நகர்ந்தாலும் வழக்குதான். எல்லையில் இருப்பவர் இங்கே வாய்தாவுக்கு எப்படி வருவார்? இதற்காகவே 1925-இல் ஒரு சட்டம் வந்தது: இந்தியப் படைவீரர் வழக்குகள் சட்டம். போர்ச் சூழலிலோ சிறப்புப் பணியிலோ உள்ள படைவீரர் நேரில் நிற்க முடியாவிட்டால், மாவட்ட ஆட்சியரே நீதிமன்றத்துக்குச் சான்று அனுப்பலாம், வழக்கும் நிறுத்திவைக்கப்படும். வெள்ளையர் காலத்தில் வந்த இந்தச் சட்டம் எத்தனை படைவீரர் வீடுகளுக்குத் தெரியும்?

புதிய கேள்வியும் வந்திருக்கிறது. 2022-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவருக்குப் பணி நான்கு ஆண்டுகள். அதிகபட்சம் 25 சதவீதத்தினரே தொடர்வர். நான்கு ஆண்டுக்குள் பணியில் இறந்தால் 48 லட்சம் ரூபாய் காப்பீடும் வேறு இழப்பீடும் உண்டு. குடும்ப ஓய்வூதியம் இல்லை. திட்டம் நல்லதா கெட்டதா என்று வாதாடுவோர் வாதாடட்டும். ஒரே எல்லையில் ஒரே குண்டுக்கு இறந்த இருவரில், ஒருவர் தாய்க்கு மாதாமாதம் ஓய்வூதியம், இன்னொருவர் தாய்க்கு ஒருமுறைப் பணம் என்றால், அது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பாகலூர் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15 கொடியேற்றத்துடன் முடிவதில்லை. அன்று கிராம சபையும் கூடுகிறது. நம் ஊரில் எத்தனை படைவீரர் வீடுகள், யாருக்குப் பட்டா மாறவில்லை, யாருடைய ஓய்வூதியக் கோப்பு நகரவில்லை என்று அங்கே கேளுங்கள். தீர்மானம் போட்டு ஆட்சியருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த கிராம சபையில் பதில் கேளுங்கள். மாலை போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.