காற்றிலும் ஏற்றத்தாழ்வு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உணவிலும் உடையிலும் உறையுளிலும் மக்களிடையே வேற்றுமை உண்டென்பது யாவரும் அறிந்ததே. காற்று ஒன்றாவது செல்வர்க்கும் வறியவர்க்கும் பொது என்று நாம் எண்ணி வந்தோம். இத்தலைநகரில் பல குளிர்காலங்களைக் கழித்த பின்னர், அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

தில்லியின் காற்று கெடுவதற்குக் காரணங்கள் பல. வண்டிப் புகையும், சாலைப் புழுதியும், கட்டடத் தூசியும், ஆலைப் புகையும், குப்பை எரிப்பும் ஆண்டு முழுதும் உள்ளவை. ஐப்பசி, கார்த்திகையில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெற்தாள் கொளுத்தும் புகையும் வந்து சேரும். குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோற் கவிந்து நிற்பதால், இவை மேலெழ வழியின்றித் தெருவிலேயே தங்கிவிடுகின்றன. இவற்றுள் கொடியது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள். தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கேயான இது, நுரையீரலின் ஆழம்வரை செல்லவல்லது. ஒரு கன மீட்டர் காற்றில் இதன் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என நம் நாடு 2009-இல் விதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 5 என வரையறுத்தது. தில்லியிலோ அண்மை ஆண்டுகளில் அது 100-ஐ ஒட்டியே நிற்கிறது.

ஆனால் சராசரிக் காற்றை எவரும் சுவாசிப்பதில்லை. அவரவர் வாழும் இடத்துக் காற்றையே சுவாசிக்கிறோம். காஜிப்பூர்க் குப்பைமேடு 1984-இலும், பல்ஸ்வா மேடு 1994-இலும் தொடங்கியவை. குப்பை பொறுக்கிப் பிழைப்போர் அவற்றின் அருகிலேயே குடியிருக்கின்றனர். 2022 ஏப்ரலில் பல்ஸ்வா தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்தபோது அவர்கள் எங்கே போவார்கள்?

தொழிலும் அவ்வாறே. இரயில்வே ஊழியர்களாகிய நாங்கள் கண்கூடாகக் காண்பதுண்டு. கூட்ஸ் ஷெட்டில் சிமெண்டு வாகன் திறக்கப்படுகையில் குமாஸ்தா உள்ளிருந்து எழுதுகிறார். மூட்டை சுமப்பவரோ வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தூசிக்குள் நிற்கிறார். துண்டு நுண்துகளைத் தடுக்காது. அன்றியும், பாரம் சுமப்பவர் விடும் மூச்சு, அமர்ந்திருப்பவர் மூச்சைவிடப் பன்மடங்கு மிகுதி.

பரிகாரமும் ஏழையின் தலைமீதே விழுகிறது. காற்று கடுமையாகக் கெடும் நாட்களில் கட்டட வேலைகளை நிறுத்துகிறார்கள். அது தேவையானதே, எனினும் தினக்கூலி பெறுவோர்க்கு அன்றைய அடுப்பும் அணைகிறது. தொழிலாளர் நலனுக்கென வசூலித்த வரிப்பணத்திலிருந்து அவர்களுக்கு உதவித்தொகை வழங்குமாறு 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது இதனாலேதான்.

வசதியுள்ளோர் காற்றுச் சுத்திகரிப்புக் கருவியை வாங்கி அறைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதன் நன்மை அறையின் கதவோடு நின்றுவிடும். 1998-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட, 2002-க்குள் தில்லிப் பேருந்துகள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறின. அதன் பயன் பாதையோரத்தில் உறங்குபவனுக்கும் கிடைத்தது. பொதுச் செயல் ஒன்றே எல்லார்க்கும் எட்டும்.

ஆதலின் நம் காலனியிலேயே தொடங்குவோம். இரவெல்லாம் நம் வாயிலைக் காக்கும் காவலாளி, குளிருக்கு அஞ்சிச் சுள்ளியையும் கிழிந்த டயரையும் கொளுத்துகிறார், முதற்புகை அவருக்கே. அவரைக் கடிந்து பயனில்லை. ஒவ்வொரு வாயிற் கூண்டிலும் ஒரு மின்கணப்பை நம் செலவில் வைப்போம். தெருக் கூட்டுவோர்க்கு நல்ல முகக்கவசமும், கூட்டுமுன் தெளிக்கத் தண்ணீரும் அளிப்போம். உதிர்ந்த இலைகளைக் கொளுத்தாமல் குழியிலிட்டு எருவாக்குவோம். காற்று மிகக் கெட்ட நாட்களில் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் விடுப்பெடுத்தால், கூலியைப் பிடிக்காதிருப்போம்.

இவற்றாற் தில்லியின் வானம் தெளிந்துவிடாது என்பதை அறிவோம். ஆயினும் நம் நலனுக்காக உழைப்போரின் மூச்சைக் காப்பது நம் கடமை. இவ்வாண்டுச் சங்க நிதியில் இதற்கென ஒரு பகுதியை ஒதுக்குமாறு அன்பர்களை வேண்டி, அமைகிறோம்.