காலஞ்சென்ற பெரியம்மையாரும் அவர் குடும்பமும்
(ஆம்பூர் நினைவுக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சென்ற மாதம் எண்பத்துமூன்றாம் வயதில் சர்வேசுரன் திருவடி சேர்ந்த நம் பெரியம்மையாரைக் குறித்துச் சில வார்த்தை பேசும்படி கட்டளையிட்டிருக்கிறீர்கள். இங்குள்ளாரிற் பாதிப்பேர் அவர் கையால் கஞ்சி குடித்தவர்களாகையால், அவர் குணத்தை நான் விஸ்தரிக்க வேண்டுவதில்லை. அவர் குடும்பத்துக்கு நேர்ந்ததையே சொல்ல விரும்புகிறேன்.

அம்மையாரின் தகப்பனார் இவ்வூர்த் தோற்சாலையொன்றில் சுண்ணாம்புக்குழி வேலை செய்தவர். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை வழித்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் நாட்கணக்காய்ப் போட்டெடுப்பது பழைய முறை. பிறகு குரோமிய உப்பு வந்தது. நாள் குறைந்தது, பாலாற்றங்கரைக் கிணறுகளும் கெட்டன. (1996இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்புச் சொல்ல நேர்ந்த கதை யாவரும் அறிந்ததே.)

அவர் தம் மனைவியோடும் கைக்குழந்தையான இப்பெண்ணோடும் ஞானஸ்நானம் பெற்றார். மூத்த குமாரரோ அதற்கு முன்பே சிற்றப்பனோடு கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டார். வடஆற்காட்டு நம் ஜனங்கள் திரளாய்ப் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய காலம் அது. அவர் கடைசிவரை மாரியம்மனையே கும்பிட்டார். லீவில் வந்தால், தங்கை செபமாலை முடிக்குமட்டும் திண்ணையில் காத்திருப்பார். ஆடிக்கூழுக்குக் கேழ்வரகு அரைத்துக் கொடுப்பவரோ தங்கையார். ஊரார் இருவரையும் வைதது ஒரே சொல்லால்.

சர்க்கார் காகிதத்தில் மாத்திரம் இருவரும் வெவ்வேறு சாதியாயினர். 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி ராஷ்டிரபதி பிறப்பித்த பட்டியல் சாதியார் உத்தரவின் மூன்றாம் பத்தி, இந்துக்களல்லாதார் அதிற் சேரார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றளவும் சேரவில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குக் கிடைப்பது பிற்பட்ட வகுப்புச் சான்று. ஆகவே, அண்ணன் மகன் பஞ்சாயத்துத் தனித்தொகுதியில் நிற்கலாம். தங்கை மகன் நிற்கலாகாது. அண்ணன் மகனைச் சாதி சொல்லி வைதவன்மேல் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைச் சட்டம் பாயும். தங்கை மகனை வைதவன்மேற் பாயாது.

சென்னை வீதியோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்னும் கிறிஸ்தவ ஆதிதிராவிடர், தம் தொழிலாளருக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதென்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். மதம் மாறியபின்னும் அக்கொடுமை அதே கடுமையோடு தொடர்வதற்குப் போதிய ஆதாரமில்லையென்று 1985இல் தள்ளிவிட்டார்கள். ஆதாரம் வேண்டுமாயின் நம் அம்மையாரைக் கூண்டில் ஏற்றியிருக்கலாம்!

மகனைப் பள்ளியிற் சேர்க்கையில், "இந்து என்றெழுதிவிடு, யார் கேட்கப்போகிறார்?" என்றனர் சிலர். அம்மையார் எழுதவில்லை. எழுதியவர்களைக் குறை சொன்னதுமில்லை. பசி அவருக்குத் தெரியும். கிடைக்காமற்போன உதவித்தொகையை அண்ணனார் தம் சுரங்கக் கூலியிலிருந்து வருஷந்தோறும் மணியார்டரில் அனுப்பினார். "என் தங்கை சாமி வேறு, வயிறு வேறா?" என்பாராம்.

நம் சங்கக் கல்வி நிதியின் விதியும் பட்டியல் சாதிச் சான்றையே கேட்கிறது. அண்ணனாரின் பேரனுக்கு அந்நிதி கிடைத்தது. அம்மையாரின் பேத்தியின் விண்ணப்பமோ சென்ற வருஷம் திருப்பி அனுப்பப்பட்டது. அவர் அதைக் குறித்து நம்மில் ஒருவரையும் கேட்கவில்லை. சர்க்கார் மாறும்போது மாறட்டும். நம் விதி நம் கையிலிருக்கிறது. அதை நீக்கும்படி இன்றே பிரேரேபிக்கிறேன். அப்பெண் வேலூரில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் வாசிக்கிறாள். சம்பளம் கட்ட வேண்டிய கெடு வருகிற மாதம் பதினைந்தாம் தேதி.