அபராதம் மட்டும் போதாது

வரி ஏய்ப்பில் சிக்கும் பெருநிறுவனத்தோடு அதன் நிர்வாகியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா, தேவையா என்பதே இந்த விவாதத்தின் கேள்வி. நியாயம்தான், தேவையும்தான் என்பது இந்த அணியின் கட்சி. சட்டம் தரும் சலுகையைப் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்வது குற்றமல்ல. அதைப் பற்றி இங்கே சண்டை இல்லை. பொய்க் கணக்கு எழுதி, பொய்ச் சான்றிதழ் காட்டி, சொத்தை மறைத்து அரசுக்குச் சேர வேண்டியதை விழுங்குவதுதான் ஏய்ப்பு. அந்தப் பொய்யில் கையெழுத்துப் போடுவது நிறுவனத்தின் பெயர்ப்பலகை அல்ல, சம்பளமும் போனஸும் வாங்கும் ஒரு மனிதர்.

ஜெர்மனியை உலுக்கிய 'கம்-எக்ஸ்' மோசடியைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே டிவிடெண்ட் கொடுக்கும்போதே அதற்கான வரியைப் பிடித்துவிடுவார்கள். வரிவிலக்குப் பெற்றவர்கள் வங்கி தரும் சான்றிதழைக் காட்டி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். டிவிடெண்ட் நாளுக்குச் சற்று முன்பு, கையில் இல்லாத பங்கை ஒருவர் விற்பார். வாங்கியவரிடம் அது போய்ச் சேர்வதோ அந்த நாள் கழிந்த பிறகு. இடைப்பட்ட நாட்களில் பங்கு யாருடையது என்பதே குழம்பிவிடும். பழைய உரிமையாளருக்கும் ஒரு சான்றிதழ், புதிதாக வாங்கியவருக்கும் ஒரு சான்றிதழ். ஒரே பில்லைக் காட்டி இரண்டு பேர் பணத்தைத் திரும்ப வாங்குவதைப் போன்ற வேலை இது. வரி பிடிக்கப்பட்டது ஒரு முறை. திரும்ப வாங்கப்பட்டது இரண்டு முறை, சில சமயம் அதற்கு மேலும். வங்கிகள், தரகர்கள், முதலீட்டு நிதிகள், ஆலோசனை சொன்ன வழக்கறிஞர்கள் எல்லாரும் இதில் கூட்டு. 2012இல் விதியை மாற்றி அடைக்கும்வரை நூற்றுக்கணக்கான கோடி யூரோ பொதுப் பணம் போயிற்று.

2011இல் பான் நகரிலுள்ள மத்திய வரி அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரியின் மேசைக்குச் சில அமெரிக்க ஓய்வூதிய நிதிகளின் மனுக்கள் வந்தன. ஒரே ஒரு உறுப்பினரைக் கொண்ட நிதி, பெரும் தொகைக்குப் பங்கு வாங்கி விற்றதாகச் சொல்லிக் கோடிக்கணக்கில் வரியைத் திருப்பிக் கேட்டது. அவர் பணத்தை விடுவிக்காமல் கேள்வி கேட்டார். பதிலுக்கு வந்தவை வழக்கறிஞர்களின் மிரட்டல் கடிதங்கள்: இழுத்தடித்தால் நஷ்டத்துக்கு அவரே சொந்தமாகப் பொறுப்பேற்க நேரிடும் என்றன. தனி மனிதரைப் பொறுப்பாக்கினால் கை நடுங்கும் என்பது ஏய்ப்பவர்களுக்கு எதிரணியைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த அதிகாரி மசியவில்லை. மோசடி வெளியே வந்ததில் அவருடைய பிடிவாதத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நிறுவனத்துக்கு அபராதம் போட்டால் போதும் என்கிறது எதிரணி. கிரெடிட் சூயிஸ் வங்கியின் கதை அதற்குப் பதில். அமெரிக்கர்கள் வரியிலிருந்து பணத்தை மறைக்க உதவியதாக 2014இல் அந்த வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 260 கோடி டாலர் கட்டியது. ஊழியர்கள் சிலர்மீது வழக்கு இருந்தது. தலைமைச் செயல் அதிகாரி நாற்காலியில் தொடர்ந்தார், மறு ஆண்டுதான் விலகினார். 2025 மே மாதம் அதே குழுமத்தின் ஒரு நிறுவனம் அதே வகைக் குற்றத்தை மறுபடி ஒப்புக்கொண்டு சுமார் 51 கோடி டாலர் கட்டியது. முதல் வழக்கில் கொடுத்த வாக்கையே மீறிக் கணக்குகளை மறைத்ததாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. 260 கோடி டாலர் புகட்டாத பாடத்தை இன்னொரு அபராதம் புகட்டிவிடுமா? அந்தப் பணம் யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். அது பங்குதாரரின் பணம். அவர்களுக்குள் ஓய்வூதியத்துக்குச் சேமிக்கும் சாதாரணத் தொழிலாளியும் உண்டு. தப்புச் செய்தவர் போனஸோடு போய்விட, தண்டனைக்கான பணத்தை அந்தத் தொழிலாளி கட்டுகிறார்.

எதிரணியின் அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. பெரிய நிறுவனத்தைக் குற்றவாளியாக்கினால் ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பார்கள் என்பது அது. 2002இல் ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கை நிறுவனம் தண்டிக்கப்பட்டுச் சரிந்ததும், 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது காப்பாற்ற எதுவும் மிஞ்சாததும் உண்மை. அந்த அச்சம் இருந்த சூழலில்தான், போலி நஷ்டம் காட்டும் வரித் திட்டங்களை விற்ற கேபிஎம்ஜி தணிக்கை நிறுவனம் 2005இல் 45.6 கோடி டாலர் கட்டி வழக்கிலிருந்து தப்பியது. ஆனால் இந்த வாதம் எந்தப் பக்கம் சாய்கிறது? நிறுவனத்தை முறித்தால் அப்பாவிகள் அடிபடுவார்கள் என்றால், முடிவெடுத்தவரைப் பிடிப்பதுதான் அப்பாவிகளைக் காக்கும் வழி. பிடிப்பதிலும் முறை தவறக் கூடாது. கேபிஎம்ஜி நிர்வாகிகளின் வழக்குச் செலவை நிறுவனம் ஏற்கவிடாமல் அரசுத் தரப்பு நெருக்கியதால், 2007இல் 13 பேர்மீதான வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தார். அது சரியான தீர்ப்பு. நியாயமான விசாரணை நிர்வாகிக்கும் உரியது.

சட்டத்தில் ஓட்டை இருந்தது, அதில் நுழைந்தோம், அவ்வளவுதான் என்பது கம்-எக்ஸ் கூட்டம் கடைசிவரை சொன்ன சமாதானம். கட்டாத வரியைத் திரும்பக் கேட்பது குற்றமே என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

சிறை அச்சத்துக்கு இன்னொரு பயனும் உண்டு: உள்ளே இருப்பவர்களின் வாயை அது திறக்கிறது. கம்-எக்ஸ் வழக்கில் பான் நீதிமன்றத்தில் முதலில் நின்ற இரண்டு பிரிட்டிஷ் பங்கு வர்த்தகர்கள் முழுதாக வாக்குமூலம் கொடுத்து உதவினார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே போனார்கள். அதே தீர்ப்பு, ஹாம்பர்க்கின் வார்பர்க் வங்கி 17.6 கோடி யூரோ திருப்பித் தர வேண்டும் என்றது. அதே வங்கியிடம் வசூலிக்க வேண்டிய 4.7 கோடி யூரோவை 2016இல் ஹாம்பர்க் வரி அதிகாரிகள் கேட்காமலே காலாவதியாக விட்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைக்க வேண்டும். இந்த மோசடியின் மூளை எனப்பட்ட ஹன்னோ பெர்கர் ஒரு காலத்தில் வங்கிகளைத் தணிக்கை செய்த வரி அதிகாரி. சோதனை வந்ததும் சுவிட்சர்லாந்துக்குப் போய்க் கிட்டத்தட்டப் பத்தாண்டு இருந்தார். 2022இல் நாடு கடத்தப்பட்டு, அந்த டிசம்பரில் எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இந்தியாவிலும் சட்டம் இல்லாமல் இல்லை. நிறுவனத்தைச் சிறையில் போட முடியாது என்பதற்காக அது வழக்கிலிருந்து தப்பிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2005இல் ஸ்டாண்டர்ட் சார்டர்ட் வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 278பி பிரிவு, நிறுவனம் குற்றம் செய்தால் அன்று அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவரும் குற்றவாளி என்றது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றோ தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்றோ அவர் நிரூபித்தால் விடுபடலாம் என்றும் சொன்னது. எதிரணி அஞ்சும் அநீதிக்கு அந்தப் பிரிவே வேலி போட்டிருந்தது. பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. கட்டணம் செலுத்திக் குற்ற வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ள அதே சட்டம் வழி வைத்தது. 2024 அக்டோபரில் மத்திய நேரடி வரிகள் வாரியம் கொண்டுவந்த நெறிமுறைகள், எத்தனை முறை விண்ணப்பிக்கலாம் என்ற வரம்பையும் நீக்கிவிட்டன. வசதியுள்ள நிர்வாகிக்கு இது அபராதத்தின் மறுபெயர். வரம்பு திரும்ப வர வேண்டும். பெருந்தொகை ஏய்ப்பில் சமரசத்துக்கே இடம் இருக்கக் கூடாது.