கத்திக்கு முன்னால் இரண்டு நிமிடம்



மயக்க மருந்து கொடுக்கிறவன் கையில் மைக்கைக் கொடுத்தால் சபையே தூங்கிவிடும் என்பார்கள். ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள சிறு மருத்துவமனைகளுக்கு மாறி மாறிப் போகிறவன் நான். முழு மயக்கத்துக்கு மருந்து ஏற்றினால் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போடுவது நம் பொறுப்பு. டியூப்பும் போகாமல், மாஸ்க் வழியாகக் காற்றும் ஏறாவிட்டால் மூளைக்குச் சில நிமிடங்கள்தான் அவகாசம். ராத்திரி ரெண்டு மணி சிசேரியனில் கைகொடுக்க இன்னொருவர் இருக்க மாட்டார். மதுரைக்கு அனுப்புவதென்றாலும், அந்த முடிவை ஊசி போடுவதற்கு முன்னால்தானே எடுக்க முடியும்?

அதனால்தான் கட்டிலருகே இரண்டு நிமிடப் பரிசோதனை. "அண்ணாச்சி, நிமிர்ந்து உட்காருங்க. வாயை நல்லாத் திறந்து நாக்கை நீட்டுங்க. 'ஆ'ன்னு சத்தம் போட வேண்டாம்." உள்நாக்கு முழுசாகத் தெரிந்தால் நல்லது, அண்ணத்தின் முன்பகுதி மட்டுமே தெரிந்தால் உஷார். ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய டாக்டர் மல்லம்பாட்டி, 210 நோயாளிகளைப் பரிசோதித்து 1985-ல் வெளியிட்ட முறை இது. அவர் பிரித்தது மூன்று வகை. நாலாவது 1987-ல் சேர்ந்தது.

அடுத்து, வாய் மூன்று விரல் அகலம் திறக்கிறதா? கழுத்து பின்னால் சாய்கிறதா? சாய்த்தபடி, குரல்வளை மேட்டிலிருந்து முகவாய் வரை ஆறரை சென்டிமீட்டர் இருக்கிறதா? கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா? பிரசவ வலி நேரத்தில் தொண்டை வீங்கலாம். காலையில் பார்த்ததை நம்பாமல் மறுபடியும் பாருங்கள்.

பாக்கு போட்டுப் போட்டு வாய் இறுகியவர்களையும், பட்டாசு விபத்தில் கழுத்துத் தோல் சுருங்கியவர்களையும் வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். வெளியே தெரியாதவர்கள்தான் ஆபத்து. டென்மார்க்கில் 1,88,064 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். டியூப் போடுவது கடினமாக இருந்தவர்கள் 3,391 பேர். அவர்களில் 3,154 பேருக்கு அது முன்கூட்டி எதிர்பார்க்கப்படவில்லை!

'அப்புறம் எதுக்கய்யா பரிசோதனை?' என்று கேட்பீர்கள். பரிசோதனை ஜோசியம் அல்ல. 'கஷ்டம்' என்று காட்டினால் ஆளையும் கருவியையும் சேர்க்கலாம், மதுரைக்கும் அனுப்பலாம். 'சுலபம்' என்று காட்டினாலும் பூஜி, குரல்வளை மாஸ்க், கடைசிக் கட்டத்துக்குக் கழுத்தில் வழி திறக்கும் கத்தி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டியூப் போட முயலும்போதும் மூக்கு வழியே ஆக்சிஜன் ஓடட்டும் என்று 2016-ல் வந்த நம் இந்திய வழிகாட்டுதலே சொல்கிறது.

ஒரே ஒரு விண்ணப்பம். டியூப் போடச் சிரமப்பட்டால், என்ன சிரமம், எதனால் சமாளித்தோம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு சீட்டு எழுதி நோயாளியிடம் கொடுங்கள். ராஜபாளையத்தில் நாம் பட்ட பாடு, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் டாக்டருக்குத் தெரியாது. அந்தச் சீட்டைவிட வலுவான எச்சரிக்கை அவருக்குக் கிடைப்பது அரிது. சர்ஜன் நண்பர்களே, நாங்கள் வாயைப் பார்க்கும் இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்! குடும்பத்தினரே, அப்படியொரு சீட்டு உங்கள் வீட்டில் இருந்தால் ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆபரேஷனுக்கு மறக்காமல் கொண்டு வாருங்கள்.